செட்டிநாட்டு வீட்டுக் கணினி: பழுதாகாமலும் ஏமாறாமலும் வைத்திருக்க

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் முதலில் வரும் வார்த்தை ‘வைரஸ்’. கேபினட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் செம்மண், சுண்ணாம்புத் தூள், உப்பிப்போன கெப்பாசிட்டர், சில சமயம் கருகிய பல்லி. ஆன்டிவைரஸுக்கு வருடா வருடம் காசு கட்டும் வீட்டில் எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. அதனால் இங்கே வரிசையைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். முதலில் கரண்ட், அடுத்து தூசி, பிறகு அப்டேட், அதற்குப் பிறகு போனில் வரும் ஆள். காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸுக்கு இந்த வரிசையில் இடமே இல்லை.

கரண்ட்

கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விறுவிறுவென்று இழுக்கிறதா? எர்த் வேலை செய்யவில்லை. கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் கேபினட்டோடு சேர்ந்திருக்கும். அவற்றில் கசியும் மின்சாரம் எர்த் வழியே இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் மொத்தமும் சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். கசிவு மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் அந்த நிலையில் பிரின்டர் ஒயரையோ எச்டிஎம்ஐ ஒயரையோ செருகினால் போர்ட் போய்விடலாம். ‘நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது’ என்று சொல்லப்படும் பல போர்ட்கள் இப்படிப் போனவைதான்.

பழைய வீடுகளில் மரப் பட்டையில் ஓடும் இரண்டு ஒயர் மட்டுமே இருக்கும். பிற்காலத்தில் மூன்று துளை பிளக் பாயின்ட் மாட்டியிருப்பார்கள், மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுக்க ஒயர்மேனிடம் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 பக்கம் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதுவே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அங்கே 20, 30 என்று காட்டினால் எர்த் பலவீனம், அல்லது எங்கோ நியூட்ரல் லூஸ். கொஞ்சம்கூட அசையாமல் பூஜ்யம் காட்டினால் அதையும் நம்பாதீர்கள். பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்திருக்கலாம். மெயினில் நியூட்ரல் அறுந்தால் அன்றைக்குக் கேபினட்டில் முழு 230 வோல்ட் நிற்கும். அப்படிக் கட்டிய ஒயர்மேனை மறுபடி கூப்பிட வேண்டாம்.

எர்த் குழிக்கு இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், சுற்றிலும் அடுக்கடுக்காகக் கரியும் உப்பும். செம்புறாங்கல் பூமி சித்திரை வெயிலில் காய்ந்து எர்த்தைக் கைவிட்டுவிடும். பங்குனி முதல் ஆவணி வரை வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே போதும். மெயின் போர்டில் மின்கசிவு தெரிந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் இருக்கட்டும்.

சாதாரண வீட்டு டெஸ்க்டாப்புக்கு 600 விஏ யுபிஎஸ் தாராளம். மானிட்டரோடு சேர்த்து நூறு வாட் பக்கம் இழுக்கும் செட்டுக்குப் பத்து நிமிடமாவது தாங்கும். வேலையைச் சேவ் செய்து அணைக்க அது போதும், அந்தப் பத்து நிமிடத்தில் சீரியல் பார்ப்பதற்கு அல்ல. உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் மாட்டக் கூடாது, அது சூடாகும் நேரத்தில் இழுக்கும் இழுப்பில் யுபிஎஸ் விழுந்துவிடும்.

‘வீட்டுக்கே இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனாலும் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது’ என்பவர்கள் இன்வெர்ட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல மாடல்களில் யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என ஒரு சுவிட்ச் இருக்கும். கரண்ட் நின்ற பிறகு எஸ்எம்பிஎஸ் தாங்குவது சுமார் 16 மில்லி செகண்ட்தான். நார்மல் மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட நேரம் பிடிக்கும். சுவிட்சை மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. புதிதாக வாங்குவதானால் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள், ஸ்கொயர் வேவில் நல்ல எஸ்எம்பிஎஸ்கூட முரண்டு பிடிக்கும்.

இடி விஷயத்தில் ஒரே வைத்தியம் பிளக்கைப் பிடுங்குவதுதான். சுவிட்சை அணைத்தால் ஒரு கம்பி மட்டுமே துண்டிக்கப்படுகிறது. சர்ஜ் புரொடெக்டர் நேராக விழும் மின்னலைத் தடுக்காது, எர்த் இல்லாத வீட்டில் பாதி வேலையும் செய்யாது. கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு லேன் ஒயரை மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. ஃபைபர் இழையில் மின்சாரம் வராது, சரி. ஆனால் ரௌட்டரின் அடாப்டர் வழியே ஏறி, லேன் ஒயரில் இறங்கி, மதர்போர்டின் லேன் சிப்பைத் தின்றுவிடும். முகப்பில் ரௌட்டர், ரெண்டாங்கட்டில் கம்ப்யூட்டர் என்று நூறடி ஒயர் ஓடும் வீட்டில் இது அதிகம். கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் வானம் இருட்டிய உடனே பிடுங்குங்கள். தூறல் விழும்வரை காத்திருக்கக் கூடாது.

மண், பல்லி, எண்ணெய்ப் புகை

கம்ப்யூட்டரை வளவின், அதாவது வீட்டு நடுவில் உள்ள திறந்த முற்றத்தின், ஓரத்தில் வைத்தால் சாரல் அடிக்கும். முகப்பில் வைத்தால் தெருமண். மூன்றாங்கட்டில் அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தால் தேன்குழலும் மனகோலமும் சுடும் எண்ணெய்ப் புகை ஃபேனில் படிந்து, தூசியைப் பசை போலப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் படிந்ததை ஊதி எடுக்க முடியாது, துடைத்துத்தான் எடுக்க வேண்டும். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றுதான் நல்ல இடம். கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல்லைக் கழுவி விடும்போது தண்ணீர் அடியில் ஓடும். அரையடி உயர முக்காலி போதும். சுவரிலிருந்து அரையடி தள்ளியே இருக்கட்டும், பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்வது நேரே பின் ஃபேனுக்குள் போகும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யலாம். ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள், மிச்சம் இருக்கும் சார்ஜ் இறங்கிவிடும். முன்னாலிருந்து பார்க்கும்போது இடது கைப் பக்கத்துத் தகட்டைப் பின்புறத் திருகுகள் இரண்டைக் கழற்றிப் பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷ் புதிதாக ஒன்று, ஊத ஒரு புளோயர். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புளோயர் காற்றில் ஃபேன் அசுர வேகத்தில் சுற்றினால் பேரிங் கெடும். பிராசஸர் மேலிருக்கும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே போர்வை மாதிரி ஒரு படலம் இருக்கும், கம்ப்யூட்டர் திணறுவதற்குக் காரணம் அநேகமாக அதுதான். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் வெளியிலிருந்து ஊதுங்கள், பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள்ளே 300 வோல்ட் நிற்கலாம்.

ஹீட்சிங்க்கைக் கழற்ற நேர்ந்தால் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு பச்சைப் பயறு அளவு வைத்தால் போதும். கழற்றாதவரை பேஸ்ட்டைத் தொட வேண்டியதில்லை. சுவிட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை என்றால் ரேமைக் கழற்றி, தங்க நிறப் பல்லை அதே ஆல்கஹால் துணியால் துடைத்து, இரண்டு பக்கக் கிளிப்பும் ‘டக்’கென்று விழும்வரை அமுக்குங்கள். மழைக்கால ஈரப்பதத்துக்குப் பிறகு வரும் இந்தக் கோளாறு பல சமயம் இதிலேயே சரியாகும்.

கேபினட்டின் பின்னால் கார்டு இல்லாத நீளத் துளைகளுக்குத் தகடு போடுங்கள். பல்லி அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. ஈசல் பறக்கும் இரவில் மானிட்டரை அணைத்து வையுங்கள், ஈசலைத் தேடிப் பல்லி வரும், பல்லி சூடான இடத்தைத் தேடும்.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும்போது

இந்த ஊருக்கே உரிய சிக்கல் இது. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பொங்கலுக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைத் திறப்பார்கள். நாலைந்து மாதம் உறங்கிய கம்ப்யூட்டரைத் திறந்த அன்றைக்கே போட்டு டிக்கெட் எடுக்க உட்காருவார்கள்.

முதலில் டார்ச் அடித்து எஸ்எம்பிஎஸ்ஸின் துளைகளையும் பின் ஃபேனையும் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும், பல்லி முட்டை இட்டிருக்கும். ஃபேன் சுற்றாமல் எஸ்எம்பிஎஸ் ஓடினால் சில நிமிடத்தில் கதை முடிந்தது. எலி கடித்த ஒயர் உண்டா என்றும் பார்த்துவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள்.

கம்ப்யூட்டர் வந்ததும் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று வந்தால் பதறாதீர்கள், வலது கீழ்மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. இணையதளங்களின் சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு, உங்கள் கடிகாரம் பொய் சொன்னால் பிரவுசர் எதையும் நம்பாது. தேதியைத் திருத்தினால் அப்போதைக்கு வேலை நடக்கும். வாட்ச் கடையில் கிடைக்கும் 3 வோல்ட் பேட்டரியை எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி மாட்டிவிட்டால் சில வருடம் கவலையில்லை.

அடுத்து, அப்டேட் முடியும்வரை பேங்க் பக்கம் போகாதீர்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ அமுக்கி, கேட்கும்போதெல்லாம் ரீஸ்டார்ட் கொடுத்து, இனி எதுவும் இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டை மீட்டர் போட்ட இணைப்பு என்று குறித்திருந்தால் பல அப்டேட் தானாக இறங்காது, விண்டோஸ் தள்ளிப்போடும். ஷட்டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும் கம்ப்யூட்டரில் ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான், விண்டோஸின் அடிப்பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்து மறுநாள் எடுத்துக்கொள்ளும். தினமும் அணைத்தும் மெதுவாக இருக்கிறது என்றால் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

விண்டோஸ், வேகம், திருட்டுக் காப்பி

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்து அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும். அது இல்லாத பழைய பெட்டியை வீசத் தேவையில்லை. பிரவுசரும் வீடியோ காலும் மட்டும் போதும் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம், 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும், காசும் கிடையாது.

கடையில் அசெம்பிள் செய்து வாங்கியதில் ‘விண்டோஸ் ஃப்ரீயா போட்டுத் தர்றோம் சார்’ என்றிருந்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். திருட்டு ஆக்டிவேட்டரை ஓட்ட, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டரின் கண்ணைக் கட்ட வேண்டும். கட்டியதை யாரும் அவிழ்ப்பதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டி, அதில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்குளூஷன்ஸ், டிஃபென்டர் பார்க்காமல் விடுபவற்றின் பட்டியல். அங்கே நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் இருந்தால், அதிலும் சி டிரைவ் மொத்தமும் இருந்தால், வாசல் கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. அதை நீக்கினால் மட்டும் போதாது. உரிமம் வாங்கி விண்டோஸைப் புதிதாகப் போடுவதே சரி. ஒழுங்கான விண்டோஸில் டிஃபென்டரே போதும். இரண்டாவது ஆன்டிவைரஸ் வேகத்தைத்தான் குறைக்கும்.

திரை மூலையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்’ என்று அடிக்கடி எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் வைரஸே அல்ல. எங்கோ ஒரு ஜோதிடத் தளத்திலோ சீரியல் தளத்திலோ ‘அலவ்’ அமுக்கியதன் பலன். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அனுமதி பெற்ற பட்டியலில் தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். தமிழ் டைப்பிங்குக்காகக் கண்ட தளத்தில் சாஃப்ட்வேர் இறக்குவதும் வேண்டாம், தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும்.

வேகத்துக்கு ‘கிளீனர்’ எதையும் நம்ப வேண்டாம். இன்னும் சுற்றும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைச் சாட்டா எஸ்எஸ்டியாக மாற்றுங்கள், ரேம் 8 ஜிபி ஆக்குங்கள். இந்த இரண்டுக்கு மேல் வீட்டு வேலைக்கு வேண்டியதில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பட்டியலைத் திறந்து, தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள். டிஸ்கில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். டிஸ்க்கின் நலம் பார்க்கும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ‘காஷன்’ என்று மஞ்சள் காட்டினால் அன்றைக்கே பேக்கப் எடுங்கள்.

பேக்கப் என்றால் கல்யாண போட்டோ மட்டும் அல்ல, பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, பேங்க் பாஸ்புக் ஸ்கேன்களும் சேர்த்தி. ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் நகல் எடுத்து, எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். இன்னொரு நகல் வேறு ஊரில், மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ. வருடத்துக்கு ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் 11 போட்ட பல கம்ப்யூட்டரில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டு மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதை இப்போதே தாளில் எழுதிப் பத்திரங்களோடு பெட்டகத்தில் வையுங்கள்.

வைஃபை

ஒன்றரையடிச் சுவரைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சரியாகப் போகாது. வளவின் திறந்தவெளிதான் உங்கள் நண்பன். ரௌட்டரை முகப்பு மூலையில் இருந்து எடுத்து வளவைப் பார்க்கும்படி, ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். தூரத்து அறைகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ். கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனியாகத் திறந்து, கல்யாணத்துக்கு வருபவர்களுக்கு அதன் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள், கல்யாணம் முடிந்து கட்டுச்சோறு கட்டி அவர்கள் கிளம்பியதும் அதை மாற்றிவிடலாம். ரௌட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு ஸ்டிக்கரில் உள்ளதாகவே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் சாதனத்தைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் அணைந்திருக்கட்டும்.

போனில் வரும் ஆள்

பெரிய வீடு, உள்ளே இரண்டு வயதானவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள். மோசடிக்காரனுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. பேங்கிலிருந்து பேசுகிறேன், கம்ப்யூட்டரில் வைரஸ் தெரிகிறது, பார்சலில் போதைப்பொருள், போலீஸ் வீடியோ காலில் இருக்கிறது என்று பாட்டு மாறும், கேட்பது மாறாது: ‘இந்த ஆப்பை ஏற்றுங்க, எண்ணைப் படிங்க.’ தூரத்திலிருந்து திரையைப் பார்க்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் நல்ல மென்பொருள்கள்தான். யார் கையில் திரையைக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை. பணம் வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை.

வீட்டில் ஒரே ஒரு விதி போதும்: அவர்களாகக் கூப்பிட்டவர்களுக்குத் திரை கிடையாது. உதவி வேண்டுமென்றால் அப்பத்தா பேரனைக் கூப்பிடட்டும். பேரன் விண்டோஸில் இருக்கும் குயிக் அசிஸ்ட்டைத் திறந்து குறியீடு சொல்ல, இங்கே விண்டோஸ், கண்ட்ரோல், க்யூ மூன்றையும் அமுக்கி அதை அடித்தால் திரை அவனுக்குத் தெரியும். ‘அப்பத்தா, பேரன்னு சொல்லி வேற யாராச்சும் பேசினா, வச்சுட்டு என் பழைய நம்பருக்குக் கூப்பிடுங்க’ என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குரலைக்கூட இப்போது போலியாகச் செய்ய முடியும். பெரியவர்கள் பயன்படுத்தும் கணக்கு ஸ்டாண்டர்ட் யூசராக இருக்கட்டும். அட்மின் பாஸ்வேர்டு பிள்ளைகளிடம் மட்டும் இருந்தால், முழு மென்பொருளை நிறுவச் சொல்லும் ஆள் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் முட்டி நிற்பான்.

திரையைக் கொடுத்தாகிவிட்டது என்றால், முதலில் ரௌட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். வேறு போனிலிருந்து பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்த வேண்டும், அதனால் வெட்கப்பட்டு மறுநாள் வரை மறைக்கக் கூடாது. பாஸ்வேர்டுகளை இன்னொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகே மறுபடி பயன்படுத்துங்கள்.

வீட்டைப் பூட்டும்போது

கம்ப்யூட்டர், மானிட்டர், ரௌட்டர், பிரின்டர் நான்கின் பிளக்கையும் லேன் ஒயரையும் கழற்றுங்கள். கேபினட்டைப் பருத்தித் துணியால் மூடுங்கள், பாலித்தீன் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். யுபிஎஸ்ஸை ஒரு இரவு முழுக்கச் சார்ஜ் செய்து அணைத்துவிட்டு, பேட்டரியின் சிவப்பு ஒயரைக் கழற்றி அதன் முனையில் டேப் சுற்றுங்கள். கழற்றாமல் விட்டால் யுபிஎஸ்ஸின் சர்க்யூட்டே சொட்டுச் சொட்டாகக் குடித்து, 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கி, ஈயத் தகட்டில் சல்ஃபேட் படிய வைத்துவிடும். பேட்டரியையே ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது, சுற்றியுள்ள வீடுகளில் யுபிஎஸ் பேட்டரி சாவது இப்படித்தான். நம் வெயிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதற்குச் சார்ஜ் வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் விளக்கேற்ற வரும் நாளில் ஒயரை மாட்டி, மறுநாள் காலையில் கழற்றட்டும். எந்த ஒயர் எங்கே என்று யுபிஎஸ் மேலேயே மார்க்கரில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.